எல்லாரும் பாவித்த பெட்டி

பேராதனையிலிருந்து கண்டிக்கு வருகிற வழியில், கெட்டம்பே தாண்டுகிற இடத்தில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். பைகளைத் திறந்து பிடித்தபடி வரிசையில் நின்றபோதுதான் றீற்றாவின் கைத்தொலைபேசி அடித்தது. வீட்டுக்கார அக்கா இராஜகுமாரி.

"றீற்றா, எங்க வந்துக்கிட்டு இருக்கீங்க?"

"கெட்டம்பேயில, அக்கா. செக்கிங் நடக்குது."

"சீக்கிரம் வாங்க. போன்ல ஒண்ணும் கேக்காதீங்க."

இராஜகுமாரி அப்படிப் பேசுகிறவள் இல்லை. போனை எடுத்தால் பருப்பு வாங்கி வரச் சொல்லி, மழைக்கு முந்தி உடுப்பு எடுத்தாயிற்றென்றும் சொல்லி முடித்துத்தான் வைப்பாள். சோதனை முடிந்து திரும்ப ஏறின பிறகு றீற்றாவுக்கு இருக்கை கிடைத்தும் உட்கார மனம் வரவில்லை. கண்டி நகரத்தில் இறங்கி, கட்டுகஸ்தோட்டை ரோட்டில் பாதி ஓட்டமும் பாதி நடையுமாக மஹய்யாவ ஏற்றத்தில் ஏறினாள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி மாதத்தில் கண்டியில் பின்னேரம் மூன்று மணிக்கு இடி இடிக்காத நாள் குறைவு. அது இரண்டாயிரத்து எட்டாம் வருசம். வடக்கில் சண்டை கிளிநொச்சியை நெருங்கிக்கொண்டிருந்தது.

இராஜகுமாரி மாநகரசபை மருந்தகத்தில் நோயாளிகளுக்கு நம்பர் துண்டு கொடுக்கிற வேலை பார்த்தாள். புருசன் செல்லப்பா கட்டாரில் லொறி ஓட்டினான். பிள்ளைகள் இல்லை. மேல் மாடி இரண்டு அறைகளையும் பேராதனையில் படிக்கிற மூன்று பெண்களுக்கு விட்டிருந்தாள். ஒருத்தி யாழ்ப்பாணம் பாசையூர் றீற்றா. மற்றவள் மூதூர் றிஸானா. மூன்றாவது சிவமணி, விசுவமடுவிலிருந்து வந்தவள். மூன்று பேரும் மூன்றாம் வருசம்.

வாசலிலேயே இராஜகுமாரி நின்றாள். மருந்தகத்துச் சேலையைக்கூட மாற்றவில்லை.

"பகல் சோத்துக்கு வந்தேன். ரெண்டு பொலிஸ் வந்தாங்க. போடிங்ல இருக்கிறவங்க பேரைப் பதியணும்னு சொல்லி பதிவுப் பாரத்தைப் பாத்தாங்க. அப்புறம் மாடிக்குப் போய் ஒங்க பெட்டியைப் பாத்துட்டாங்க. யாரோடதுன்னு கேட்டாங்க. எல்லாரும் பாவிக்கிறதுன்னு சொன்னேன். நாளைக்குக் காலைல கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளைக் கூட்டிக்கிட்டு வர்றாங்களாம். பெட்டி இந்த எடத்தை விட்டு அசையக் கூடாதாம். ஒருத்தரும் வெளிய போகக் கூடாதாம்."

"ஏனாம் அக்கா?"

"நேத்து கீழ்த்தெருவில பொடியங்க இருக்கிற போடிங்ல ரெண்டு பேரை ஏத்திட்டுப் போயிட்டாங்க. லெப்டொப்ல என்னமோ இருந்துச்சாம். அதுல இருந்து இந்த ரோட்டுல ஒரு வீடு மிச்சம் இல்லாம பாக்கிறாங்க. புள்ள, அதுல ஒண்ணும் இல்லதானே?"

"இல்லை அக்கா," என்றாள் றீற்றா. சொன்ன உடனேயே தனக்குத் தெரியாதென்பது அவளுக்குத் தெரிந்தது.

அந்தக் கணினியைப் பெட்டி என்றுதான் அந்த வீட்டில் சொல்வார்கள். கனடாவுக்குப் போன றீற்றாவின் மச்சாள் ஒருத்தி விட்டுப்போன திரை, றிஸானாவின் வாப்பா தேடிக் கொடுத்த உள்ளுடம்பு, சிவமணி கொண்டுவந்த விசைப்பலகை. இணையம் இராஜகுமாரியின் தொலைபேசி லைனில் வந்தது. இவர்கள் இணையத்தில் இருக்கிற நேரம் வேறு அழைப்பு உள்ளே வராது. ஆகவே செல்லப்பா கட்டாரிலிருந்து பேசுகிற வெள்ளிக்கிழமைப் பின்னேரத்தில் ஒருத்தரும் தொடக்கூடாது. அதையும் சேர்த்து றீற்றாதான் ஏழு கட்டளை எழுதித் திரையின் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். இடி முழங்கினால் கழற்று. வெளியிலிருந்து கொண்டு வருகிற பென்டிரைவைச் சோதிக்காமல் செருகாதே. மற்றவளின் கடிதத்தைத் திறவாதே. அரசியல் வேண்டாம். பாவித்த நேரத்தைக் கொப்பியில் எழுது. எல்லாரும் ஒரே பெயரில்தான் உள்ளே போனார்கள்; கடவுச்சொல் கிடையாது. ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குள் பூட்டு என்னத்துக்கென்று முதல் வருசத்தில் சொன்னதும் றீற்றாதான்.

அவள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பார்த்த பக்கங்களின் பட்டியல் வெறுமையாக இருந்தது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்கில் ஒன்றுமே இல்லை. யாரோ ஒவ்வொரு தரமும் துடைத்துவிட்டுத்தான் எழும்பியிருக்கிறாள். ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்துகொண்டு போனாள். அவளுடைய புள்ளிவிபரவியல் குறிப்புகளுக்குள்ளே, அவள் ஒருநாளும் உண்டாக்காத இன்னொரு கோப்புறை இருந்தது. அதற்கும் 'குறிப்புகள் இரண்டு' என்று அவளுடைய முறையிலேயே பெயர் வைத்திருந்தார்கள்.

உள்ளே அறுபத்தொரு படங்கள். சிறு சிறு கட்டமாகத் தெரிந்தபோதே போதுமாக இருந்தது. எரிந்த கொட்டில்கள், பதுங்குகுழி, வரிசையாகக் கிடத்திய ஆட்கள். மூலையில் தளத்தின் பெயர். அரசாங்கம் மறித்து வைத்திருந்த தளம். சுற்றுவழியால் போனால்தான் திறக்கும்.

"றிஸானா!"

றிஸானா தலையில் சுற்றிய துவாயோடு வந்தாள். திரையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அல்லாஹ்வே. என்னைப் பாக்காத புள்ள. நான் எண்ட மூதூர் மீன்காரங்கட கணக்கோடயே செத்துக்கிட்டு இரிக்கன்."

"அப்ப ஆர்?"

"நான்தான்."

அறை வாசலில் சிவமணி நின்றாள். காலையிலிருந்து தலையிடி என்று படுத்துக் கிடந்தவள். முகம் வீங்கியிருந்தது.

"அரசியல் வேண்டாமெண்டு எழுதி ஒட்டினனான். வாசிக்கேல்லையா?" என்றாள் றீற்றா.

"வாசிச்சனான்."

"பிறகேன்?"

"வேற எங்க போய்ப் பாக்கிறது? கம்பஸ் லாப்பில பாக்கட்டோ? கடையில அடையாள அட்டை நம்பரை எழுதிக் குடுத்துப்போட்டுப் பாக்கட்டோ? அரசியலை நான் பாக்கேல்லை, றீற்றா. தம்பியைப் பாத்தனான்."

தம்பி கோகுலனைப் பற்றி வீட்டில் எல்லாருக்கும் தெரியும். போன வருசம் இயக்கம் சண்டைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் என்று வந்து கேட்டபோது பிடித்துக்கொண்டு போனவர்கள். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. அதற்குப் பிறகு ஒரு கடிதமும் இல்லை. தாயோடு பேசியும் இரண்டு மாதம். வன்னிக்குள் ஒரு போனும் எடுபடவில்லை.

றிஸானா துவாயை அவிழ்த்துக் கதிரையில் எறிந்தாள்.

"தம்பியைத் தேடுறது சரி. அதுக்கு எங்கட பேரும் சேந்த பெட்டியிலயா? நாளைக்கு வாறவன் இது ஆருட படம் எண்டு தனித்தனியா கேப்பானா? மூண்டு பேரையும்தான் ஏத்துவான். அக்காவையும் ஏத்துவான். ரெண்டாயிரத்தி ஆறுல சண்டையில மூதூர உட்டுட்டு ராவா பகலா நடந்தம். எண்ட வாப்பாவுக்கு இன்னொருக்கா நடக்க ஏலாது. சொல்லிட்டன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் செஞ்சியே!"

தூரத்தில், ஹந்தானைப் பக்கம் முதல் இடி உருண்டது.

றீற்றா எழும்பி நடந்தாள். சன்னலுக்கும் கட்டிலுக்குமாக இரண்டு தரம் போய் வந்தாள். "அழிச்சாப் போதாது," என்றாள். "குப்பைக்கூடையில இருந்து அழிச்சாலும் உள்ளுக்க ஹாட் டிஸ்க் தட்டில கிடக்கும். தெரிஞ்சவன் அரை மணித்தியாலத்தில எடுத்துப்போடுவான். மேலால வேற எதையும் எழுதி நிரப்ப வேணும். தட்டு முழுக்க நிரம்ப வேணும். ரெண்டு மணித்தியாலமாவது எடுக்கும்."

"எண்ட ஆய்வு டேட்டா?" என்றாள் றிஸானா.

"உன்ர டேட்டாவைத் தொடமாட்டன். இந்தா, இப்பவே சீடியில எழுதித் தாறன்."

"படங்களை?" என்று சிவமணி கேட்டாள்.

"ஒண்டும் மிஞ்ச ஏலாது, சிவா. பென்டிரைவில வைச்சா உடம்பைச் சோதிப்பினம். மெயிலில அனுப்பினா அதுவும் இந்த லைனாலதானே போகுது."

சிவமணி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "அறுபதையும் பாத்திட்டன். அதில அவன் இல்லை. கடைசிப் படம் ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. சின்னனாத் தெரியேக்க நெத்தி அவன்ர மாதிரி இருந்தது. அதைத்தான் திறக்கேல்லை. நாலு நாளா திறப்பம் எண்டு வந்து வந்து போறன்." பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்தாள். சாதாரணதரப் பரீட்சை அட்டைக்கு எடுத்த படம். எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை, கழுத்துவரை பூட்டின வெள்ளைச் சேட்டு. "நீ பார், றீற்றா. நான் சன்னல் பக்கம் திரும்பி நிக்கிறன். பாத்துச் சொல்லிப்போட்டு அழி."

றிஸானா மறுபேச்சில்லாமல் எழும்பிப் போய்ச் சிவமணியின் பக்கத்தில் நின்றாள். சற்று முன் சத்தம் போட்டவள், அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டாள்.

றீற்றா படத்தைத் திறந்தாள். அது மேலிருந்து கீழாக மெதுவாக வந்தது. முறிந்த மரம், செம்மண் ரோடு, தரப்பாளில் கிடத்திய நாலு பேர். மூன்றாவது ஆள் இளவட்டம். இடுப்பில் நீலக் கட்டம் போட்ட சாரம். முகத்தில் பாதி மண். மற்றப் பாதி ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. அவள் கையிலிருந்த படத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், திரும்பக் கையைப் பார்த்தாள். புருவம் ஒத்ததுபோல இருந்தது. அடுத்த கணம் ஒவ்வாததுபோல இருந்தது. அந்த மண்ணுக்குக் கீழே எந்தத் தாயின் பிள்ளையும் கிடக்கலாம்.

மணி நாலுக்குப் பத்து நிமிசம். ஆறு மணிக்குள் மழையில் கரண்ட் போகும். தெரியவில்லை என்றால் சிவமணி திரும்புவாள். திரும்பினால் அந்தத் திரையை விட்டு அவளை எழுப்ப ஏலாது; அழிக்கவும் விடமாட்டாள். சன்னல் வெளிச்சத்தில் அவளுடைய பிடரி மயிர் தெரிந்தது. மூச்சு விடுகிறாளோ என்றே தெரியாதபடி நின்றாள்.

"அவரில்லை," என்றாள் றீற்றா.

"வடிவாப் பாத்தனியா?"

"ஓம். மூக்கு வேற."

அந்த மூக்குப் பேச்சு எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது. சிவமணி சன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். றீற்றா அழிக்கும் விசையை அழுத்தினாள்.

றிஸானாவின் டேட்டாவைச் சீடியில் எழுதி எடுத்த பிறகு, ஒரு சினிமாப் படத்தை எடுத்துத் திரும்பத் திரும்பப் பிரதி பண்ணிக்கொண்டே போனாள். பச்சைக் கோடு ஊர்ந்தது. நிரம்பியதும் பிரதிகளை அழிக்க வேண்டும். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இடி தலைக்கு மேல் வெடித்தபோது இராஜகுமாரி கீழேயிருந்து கத்தினாள்.

"பிளக்கைக் கழட்டுங்க புள்ளைகளா!"

"ஏலாது அக்கா!"

மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். ஒவ்வொரு மின்னலுக்கும் திரை ஒருதரம் கண் சிமிட்டியது. பச்சைக் கோடு கடைசியில் போய் முட்டியபோது ஆறேகால். அதற்குப் பத்து நிமிசம் கழித்து, பிரதிகளை அழித்து முடித்த பிறகுதான் ஊரே இருண்டது.

குப்பி விளக்கு வெளிச்சத்தில் இராஜகுமாரி ரொட்டியும் கட்டச்சம்பலும் வைத்தாள். றிஸானா பாவனைக் கொப்பியைக் கொண்டுவந்து விரித்தாள். ஒவ்வொரு ஞாயிறும், ஒவ்வொரு புதனும் சிவமணி, சிவமணி, மூன்று மணித்தியாலம், மூன்றரை மணித்தியாலம். களவாகப் பார்த்தவள் நேரத்தை மட்டும் ஒழுங்காக எழுதியிருந்தாள்.

"இதையும் கிழிப்பம்," என்றாள் றிஸானா. "இல்லாட்டி அடுப்புல போடுவம்."

"வேணாம்," என்றாள் இராஜகுமாரி. "எண்பத்து மூணுல நான் ஒங்களவிட சின்னவ. கலகம் வருதுன்னதும் எங்கப்பா ரேடியோவைக் களவு எடுத்துட்டுப் போயிருவாங்கன்னு அரிசிச் சாக்குக்குள்ள மறைச்சு வச்சாரு. மேசையில இருந்திருந்தா அது வெறும் ரேடியோ. சாக்குக்குள்ள இருந்ததால, தமிழங்க வயர்லஸ் வச்சிருக்காங்கன்னு சொல்லி வீட்டைக் கொளுத்துனாங்க. பெட்டியை நீங்க தொடைச்சது எனக்குத் தெரியாது. நான் பாக்கல்ல. ஆனா இந்தக் கொப்பி ஆணியில தொங்கினதை அவங்க பகலே பாத்துட்டாங்க. நாளைக்கும் அது ஆணியிலதான் தொங்கணும்."

அடுத்த நாள் ஒன்பது மணிக்கு என்றவர்கள் பத்தரைக்குத்தான் வந்தார்கள். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் றீற்றா ஆறு தரம் பல் தேய்க்கப் போனவள்போலக் கிணற்றடிக்குப் போய் வந்தாள். வந்தது ஒரு சார்ஜன்டும் கண்ணாடி போட்ட இளம் அதிகாரி ஒருவனும். இளையவன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அரை மணித்தியாலம் பேசாமல் தட்டினான். பிறகு பின்னால் சாய்ந்து கொப்பியை எடுத்தான். விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டு போனான்.

அவன் சிங்களத்தில் கேட்டதை இராஜகுமாரி தமிழில் சொன்னாள். "இந்தப் பெட்டிக்குப் பொறுப்பு யாருன்னு கேக்குறாரு."

ஒரு நொடி மூன்று பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"நான்," என்றாள் றீற்றா. "கொப்பியும் நான்தான் வைச்சிருக்கிறன்."

"சிவமணி யாரு, இவ்வளவு நேரம் என்ன பாத்தான்னு கேக்குறாரு."

சிவமணி நிமிர்ந்தாள். "தம்பியைத் தேடினன்," என்றாள். "காணாமப் போனவன். பேர் வாற இடமெல்லாம் தேடினன்."

இராஜகுமாரி அதிகாரியின் முகத்தைப் பார்த்தாள். மருந்தகத்தில் இருபது வருசம் சிங்களம் பேசியவள். படிப்புக்கு, பரீட்சைக்கு என்று என்னவும் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியுமோ தெரியாதோ என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. சொன்னபடியே சொன்னாள்.

றீற்றாவையும் சிவமணியையும் வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டார்கள். பெட்டியையும் தூக்கினார்கள். இராஜகுமாரி வீட்டைப் பூட்டித் திறப்பை றிஸானாவின் கையில் கொடுத்துவிட்டு, சார்ஜன்ட் வேண்டாமென்று சொல்லச் சொல்ல ஜீப்பின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தாள். "எங்க வீட்டுல இருக்கிற புள்ளைங்க. பாரத்துல என் பேருதான் இருக்கு," என்று சிங்களத்தில் சொன்னாள்.

ஸ்டேஷனில் அவர்களை வெவ்வேறு அறையில் வைத்துக் கேட்டார்கள். எதையாவது அழித்தாயா என்று றீற்றாவிடம் நாலு விதமாகக் கேட்டார்கள். இல்லை என்று நாலு தரமும் சொன்னாள். ஒரு மணி போல றிஸானா மூன்று சோற்றுப் பார்சலோடு ஸ்டேஷன் வாசலில் வந்து நின்றாள். உள்ளே விடவில்லை. பார்சலை வாங்கிக்கொள்ளவுமில்லை. அவள் போகாமல் எதிர்ப்பக்கத்து மதிலோரம் அப்படியே நின்றாள். ஐந்து மணிக்கு இவர்களை விட்டார்கள். நாலு பேரும் சோறு புளிக்கத் தொடங்கிய பார்சலைப் பிரித்து வாவிக்கரைக் கல்லில் இருந்து சாப்பிட்டார்கள்.

"என்ன கேட்டவங்கள்?" என்றாள் றிஸானா.

"தம்பி செத்திட்டானெண்டு நினைக்கிறியா எண்டு கேட்டவை," என்றாள் சிவமணி. "இல்லை, உயிரோட இருக்கிறான் எண்டு சொன்னன். எனக்கு அழுகை வரேல்லை. நேற்று மட்டும் றீற்றா பாத்துச் சொல்லாட்டி, அந்த இடத்தில விழுந்திருப்பன்."

றீற்றா கையிலிருந்த சோற்றை வாயில் வைக்காமல் பிசைந்துகொண்டிருந்தாள்.

பெட்டி மூன்று கிழமை கழித்துத் திரும்பி வந்தது. மூடியில் ஒரு முத்திரைத் தாள் ஒட்டியிருந்தது. றீற்றா ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் போட்டுக் கொடுத்தாள். ஆனால் ஒருத்தியும் பழையபடி அதன் முன்னால் இருந்து சிரித்துக் கதைக்கவில்லை. றிஸானா தன் ஆய்வைக் கம்பஸ் லாப்பிலேயே இருந்து முடித்தாள். தை, மாசி, பங்குனி என்று மாதங்கள் போயின. ஆஸ்பத்திரி, முகாம் என்று வந்த ஒவ்வொரு பட்டியலிலும் சிவமணி கோகுலனின் பெயரைத் தேடினாள். தேடி இல்லாதபோதெல்லாம், "படத்திலயும் அவனில்லைதானே," என்று றீற்றாவைப் பார்த்துச் சொல்வாள். றீற்றா தலையாட்டுவாள். பின்னுக்கு அந்தத் தலையாட்டலும் ஏலாமல் போய், ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்தும் வீட்டுக்கு வராமல் ஊர் சுற்றத் தொடங்கினாள்.

வைகாசியில் சண்டை முடிந்தது என்று ரோட்டெல்லாம் வெடி கொளுத்தினார்கள். ஆனி கடைசியில் தாயின் பெயர் வவுனியா முகாமொன்றின் பட்டியலில் வந்தது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பேச விடுகிறார்களாம். சிவமணி விடியற்காலைப் பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். றீற்றா வழியனுப்பவென்று கூடவே குட்ஷெட் பஸ் நிலையத்துக்கு வந்தாள். வவுனியா பஸ் இன்னும் வரவில்லை. இராஜகுமாரி கட்டித் தந்த ரொட்டிப் பொட்டலம் சிவமணியின் மடியில் சூடாக இருந்தது.

"அம்மா முதல்ல அவனைத்தான் கேப்பா," என்றாள் சிவமணி. "படங்களில பாத்தம், அவனில்லை எண்டு சொல்லுவன். அதையாவது கேட்டு ஆறட்டும்."

"சிவா."

"என்ன?"

"நான் பொய் சொன்னனான்." றீற்றா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பாத்தனான். ஆனா ஆரெண்டு எனக்குத் தெரியேல்லை. முகம் முழுக்க மண். அவராயும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். மூக்கு தெரியவே இல்லை. நீ திரும்பினா அழிக்க விடமாட்டாய் எண்டு நினைச்சன். பொலிஸ் வருமெண்டு நினைச்சன். நேரம் போகுதெண்டு நினைச்சன். அதுதான்."

சிவமணி திரும்பவில்லை. ஒரு கண்டக்டர் மாத்தளை, தம்புள்ளை என்று கத்திக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போனான். அடிப்பாள், இல்லாவிட்டால் எழும்பிப் போய்விடுவாள் என்று றீற்றா நினைத்தாள். சிவமணி பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினாள்.

"என்ன உடுத்தியிருந்தது?" என்று கேட்டாள்.

"சாரம். நீலக் கட்டம்."

"மேல?"

"ஒண்டுமில்லை."

சிவமணியின் முகம் கொஞ்சம் விரிந்தது. "கோகுலன் ஒருநாளும் சாரம் கட்டினதில்லை. அப்பா எத்தனை தரம் பேசியும் கட்டமாட்டான். காற்சட்டைதான். நித்திரைக்கும் காற்சட்டைதான்."

"அப்ப..."

"ஆனா," என்றாள் சிவமணி. விரிந்த முகம் அப்படியே நின்றது. "அங்க கிடைக்கிறதைத்தானே கட்ட வேணும்."

வவுனியா பஸ் வளைந்து வந்து நின்றது. சனம் முண்டியடித்து ஏறியது. சிவமணி பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. றீற்றாவிடம் மாற்றுடுப்பும் இல்லை, அடையாள அட்டை மட்டும்தான் இருந்தது. அவளும் பின்னால் ஏறினாள். இருவர் இருக்கிற இருக்கையில் சிவமணி சன்னலோரமாக நகர்ந்து உட்கார்ந்து, ரொட்டிப் பொட்டலத்தை மடியில் எடுத்து வைத்து, பக்கத்து இடத்தை வெறுமையாக விட்டாள்.

றீற்றா உட்கார்ந்தாள். பஸ் மாத்தளை தாண்டியது.

"அம்மாட்ட என்ன சொல்லுறது?" என்று அதற்குப் பிறகுதான் சிவமணி கேட்டாள்.

தெரியாது என்று, இந்தத் தரம் உள்ளதையே சொன்னாள் றீற்றா.